இலைமேல் ஒரு வெள்ளைப் பொடி

பட்டாணி, வெண்டை, பூசணி, ரோஜா என்று எதை வளர்த்தவர்களுக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். இலைமேல் வெள்ளையாக ஒரு பொடி படிந்திருக்கும். விரலால் வழித்தால் வந்துவிடும். அடியில் இலை பச்சையாகவே இருக்கும். புழு கடித்த ஓட்டை இல்லை, அழுகல் இல்லை, செடி வாடித் தொங்கவும் இல்லை. இதற்குச் சாம்பல் நோய் என்று பெயர். பார்வைக்கு இவ்வளவு சாதுவாக இருக்கும் இந்த நோய் கடுமையாகப் பிடித்த பட்டாணி வயல்களில் விளைச்சல் கால் பங்கிலிருந்து பாதி வரை குறைந்திருக்கிறது. தொட்டால் விரலோடு வந்துவிடும் ஒரு பொடி, நெற்றுக்குள் இருக்கும் மணியை எப்படிக் குறைக்கிறது?

இதோடு இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பூஞ்சை என்றாலே ஈரம் என்பது நம் அனுபவம். மழைக்காலத்தில்தான் ரொட்டி பூக்கிறது, செருப்பு பூக்கிறது, சுவர் பூக்கிறது. சாம்பல் நோயோ மழை நின்று, பகலில் வெயில் காய்ந்து, இரவில் குளிர் இறங்கும் நாட்களில்தான் வயலைப் பிடிக்கிறது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிப் போனால், பயிர் நோய் பற்றி நாம் வைத்திருக்கும் பொதுவான எண்ணம் ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கும். நோய் எவ்வளவு பரவியிருக்கிறதோ அந்த அளவுக்கு நட்டம் என்பதே அந்த எண்ணம். பட்டாணியைப் பொறுத்தவரை, எவ்வளவு என்பதைவிட எந்த நாளில், எந்த இலையில் என்பதுதான் நட்டத்தைத் தீர்மானிக்கிறது.

வெளியே உடம்பு, உள்ளே வாய்

பட்டாணியில் சாம்பல் நோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு அறிவியல் பெயர் எரிசைஃபி பைசி. இதன் நூல் போன்ற உடம்பு முழுவதும் இலைக்கு வெளியேதான் படர்கிறது. நாம் விரலில் வழித்தெடுப்பது அந்த நூல்களையும், அவற்றின்மேல் நிற்கும் வித்துகளையும்தான். வித்து என்று இந்த அத்தியாயத்தில் சொல்வது பூஞ்சையின் இனப்பெருக்கத் துகளை. பட்டாணியின் விதையை மணி என்றே சொல்லிக்கொள்வோம், குழப்பம் வராது. ஒரு வித்து காற்றில் வந்து இலைமேல் விழுந்த சில மணி நேரத்தில் முளைவிடுகிறது. முளையின் நுனி இலையோடு அழுந்தி ஒட்டிக்கொண்டு, அடியில் ஓர் ஊசிமுனையை இறக்கி, இலையின் மேல்தோல் செல்லின் சுவரைத் துளைக்கிறது. துளைத்த பிறகு செல்லைக் கொல்வதில்லை. செல்லின் சவ்வை உள்ளே தள்ளிக்கொண்டு, அதற்குள் விரல்கள் விரிந்த கைபோன்ற ஓர் உறுப்பை வளர்க்கிறது. இதுதான் உறிஞ்சுறுப்பு. செடி தயாரித்த சர்க்கரை இதன் வழியாகப் பூஞ்சைக்குப் போகிறது.

தெருக்கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பவர் கம்பியை அறுப்பதில்லை. அறுத்தால் அவருக்கும் வெளிச்சம் கிடைக்காது. இந்தப் பூஞ்சையும் அப்படித்தான். உயிருள்ள செல் இல்லாவிட்டால் அதற்கு உணவு இல்லை. இறந்த இலையில், குப்பையில், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டின் கூழில் அதை வளர்க்க முடியாது. ஆகவே இலை பச்சையாக இருப்பதை வைத்து, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று நினைப்பது தவறு. இலை பச்சையாக இருப்பது பூஞ்சையின் தேவை. பொடியை வழித்தெடுத்தாலும் மேல்தோலுக்குள் இறங்கிய உறிஞ்சுறுப்பு அங்கேயே இருக்கிறது.

ஈரம் பற்றிய புதிருக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. பெரும்பாலான இலைநோய்ப் பூஞ்சைகளின் வித்து முளைக்க இலைமேல் சில மணி நேரமாவது தண்ணீர்ப் படலம் வேண்டும். சாம்பல் நோய்ப் பூஞ்சையின் வித்துக்கு அது வேண்டாம். அந்த வித்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். முளைக்கத் தேவையான ஈரத்தைத் தானே சுமந்து வருகிறது. காற்றில் ஓரளவு ஈரப்பதம் இருந்தால் போதும், குளிர்ந்த இரவுகள் அதைக் கொடுத்துவிடுகின்றன. மழைத்துளி விழுந்தால் இதற்குக் கெடுதல்தான்: வித்துகள் கழுவிக்கொண்டு போய், தண்ணீரில் ஊறி வெடித்தும் போகின்றன. வட இந்தியச் சமவெளியில் அக்டோபர், நவம்பரில் விதைத்த பட்டாணியில் பிப்ரவரியையொட்டி, பகல் சூடேறத் தொடங்கும்போது சாம்பல் நோய் வேகமெடுப்பதற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டில் பட்டாணி விளையும் நீலகிரி, கொடைக்கானல் மலைச் சரிவுகளிலும் மழை ஓய்ந்த வறண்ட குளிர்நாட்களே இதற்கு ஏற்ற காலம்.

காய்க்குச் சோறு போடுவது யார்?

சர்க்கரை திருடு போகிறது, சரி. ஆனால் எங்கிருந்து போனால் என்ன, செடி முழுவதும் ஒரே கிடங்குதானே என்று தோன்றலாம். அப்படி இல்லை. பட்டாணிக் கொடி கணுக் கணுவாக வளர்வது. ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை. அதன் அடியில் சிற்றிலைகளைவிட அகலமாகவே விரிந்திருக்கும் இரண்டு இலையடிச் செதில்கள். பூக்கும் பருவத்துக் கணுவானால் அங்கேயே பூவும், பிறகு நெற்றும். ஒரு நெற்றுக்குள் இருக்கும் மணிகள் தங்கள் உணவில் பெரும் பங்கை அதே கணுவின் இலையிலிருந்தும், செதில்களிலிருந்தும், நெற்றின் பச்சைத் தோலிலிருந்தும்தான் பெறுகின்றன. கார்பனுக்குக் கதிரியக்க அடையாளம் இட்டு, அது எந்த இலையிலிருந்து எந்த நெற்றுக்குப் போகிறது என்று பின்தொடர்ந்த பழைய சோதனைகளே இதைக் காட்டிவிட்டன. நெற்றின் தோல் இன்னொரு வேலையும் செய்கிறது. உள்ளே மணிகள் சுவாசித்து வெளிவிடும் கரியமில வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்து, மறுபடியும் சர்க்கரையாக்கிக் கொடுக்கிறது. பட்டாணியை உரித்துவிட்டு நாம் எறியும் தோல், கொடியில் இருந்த காலமெல்லாம் சும்மா இருந்ததில்லை.

கொடியின் கீழ் இலைகளுக்கு வேறு பொறுப்பு. அவற்றின் சர்க்கரை பெரும்பாலும் கீழ்நோக்கி, வேருக்குப் போகிறது. பட்டாணியின் வேரில் உள்ள முண்டுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. அந்த வேலைக்குக் கூலியாக அவற்றுக்குச் சர்க்கரை வேண்டும். சாம்பல் நோய் முதலில் தோன்றுவது முதிர்ந்த, கீழ் இலைகளில். எனவே முதல் இழப்பு நெற்றுக்கல்ல, வேருக்கும் வேர்முண்டுகளுக்கும்தான். வெளியில் இருந்து பார்ப்பவர், மேலே பூ நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் நாட்களில், கீழே நைட்ரஜன் வரத்து குறையத் தொடங்கியிருக்கும். மணியில் நாம் தேடும் புரதத்துக்கு அந்த நைட்ரஜன்தான் மூலப்பொருள்.

நோய் பிடித்த இலை மூன்று வகையில் செடிக்கு நட்டம் வைக்கிறது. ஒளிச்சேர்க்கை குறைகிறது, இலைத்துளைகள் பகலில் முழுதாகத் திறப்பதில்லை. இலையின் சுவாசம் கூடுகிறது. அதாவது உண்டாக்கிய சர்க்கரையில் அதிகப் பங்கு அங்கேயே எரிந்து போகிறது. எஞ்சியதில் ஒரு பங்கு பூஞ்சைக்குப் போகிறது. வளரும் பருவத்தில் இருக்கும் செடியானால், இதன் விளைவாகக் கணுக்களின் எண்ணிக்கை குறைகிறது, கொடி குட்டையாகிறது. நிழல் விழுவது மட்டும்தான் பிரச்சினை, வெள்ளைப் படலம் வெயிலை மறைக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. நிழலும் ஓரளவு உண்மைதான். ஆனால் நிழலில் இருக்கும் இலை தன் சுவாசத்தைக் குறைத்துக்கொள்ளும். நோய் பிடித்த இலையோ கூட்டுகிறது. நிழல் மட்டுமே காரணமாக இருந்தால் இப்படி நடக்காது.

ஒரு வயல், ஐந்து வாரம்

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் பூவிலிருந்து நெற்று முற்றும் வரை ஐந்து வாரம் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஐந்து வாரமும் இலை முழுவதும் நோயின்றி இருந்தால், வாரத்துக்கு 100 என்று மொத்தம் 500 அலகு பச்சை. செடி மணிக்காக உழைக்கும் முழு வேலை நேரம் இது. சாம்பல் நோய் ஒரு சுற்று வருவதற்கு, அதாவது ஒரு வித்து விழுந்து, உறிஞ்சி, புதிய வித்துகளை உதிர்ப்பதற்கு, ஏற்ற வெப்பநிலையில் ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நோய் பத்து மடங்காகிறது என்று கொள்வோம். இந்தப் பத்து மடங்கு கணக்கின் வசதிக்காக நாம் எடுத்துக்கொள்ளும் எண்; வயலுக்கு வயல், வானிலைக்கு வானிலை இது மாறும். வாரத் தொடக்கத்தில் இருந்த அளவே அந்த வாரம் முழுவதும் நீடிப்பதாகவும் வைத்துக்கொள்வோம்.

முதல் வயலில், முதல் பூ மலர்ந்த அன்று இலைப்பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 விழுக்காடு நோய் இருக்கிறது. நடந்து போகிறவர் கண்ணில் இது படவே படாது. இரண்டாம் வாரம் 1, மூன்றாம் வாரம் 10. நான்காம் வாரம் 100 ஆக முடியாது. விழும் வித்துகளில் பல ஏற்கெனவே நோய் பிடித்த இடத்திலேயே விழுவதால் வேகம் குறைகிறது. 60 என்று வைப்போம், ஐந்தாம் வாரம் 90. இழந்ததைக் கூட்டினால் 161.1 அலகு. ஐந்நூறில் இது 32 விழுக்காடு. இரண்டாம் வயலில் இதே நோய், இதே வேகம்; ஆனால் இரண்டு வாரம் பிந்தி வருகிறது. அங்கே மூன்றாம் வாரம் 0.1, நான்காம் வாரம் 1, ஐந்தாம் வாரம் 10. மொத்த இழப்பு 11.1 அலகு, கிட்டத்தட்ட 2 விழுக்காடு. நோய் ஒன்றுதான், ரகம் ஒன்றுதான், இடைவெளி இரண்டே வாரம். இழப்போ பதினான்கு மடங்கு வேறுபடுகிறது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. முதல் வயலின் விவசாயி மூன்றாம் வாரம் முடியும் வரை பத்தில் ஒரு பங்கு நோயைத்தான் பார்க்கிறார். அதுவரை இழந்ததும் வெறும் 11 அலகு. அவர் கண்ணுக்கு நோய் பயமுறுத்தும் அளவில் தெரியவரும்போது, அடுத்த இரண்டு வாரத்தின் 150 அலகு இழப்பு ஏறக்குறைய முடிவான ஒன்று. அவர் மருந்தடிக்க வேண்டிய நாள், நடந்து போகிறவர் கண்ணில் நோய் படாத நாள். முதல் வாரத்திலேயே மருந்தடித்து நோயை ஒரே ஒரு சுற்று பின்னுக்குத் தள்ளினால், இரண்டாம் வாரம் 0.1, பிறகு 1, 10, 60 என்று ஆகி மொத்த இழப்பு 71.1 அலகு, அதாவது 14 விழுக்காடு. நோயை ஒழிக்கவில்லை, ஒரு வாரம் தாமதிக்க வைத்ததுதான். அதற்கே இழப்பு பாதிக்கும் கீழ் இறங்கிவிட்டது.

இலைதான் மிச்சம் இருக்கிறதே!

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று பட்டாணியின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. அரை இலைப் பட்டாணி என்று ஒரு வகை உண்டு. ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் இதில் சிற்றிலைகள் எல்லாம் பற்றுக்கம்பிகளாக மாறிவிட்டன. கொடிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சாயாமல் நிற்கும் என்பதால் இயந்திர அறுவடைக்கு ஏற்றது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் காய்ந்த பட்டாணி பெரும்பாலும் இந்த வகைதான். இலையில் இவ்வளவை இழந்தும் இதன் விளைச்சல் சாதாரணப் பட்டாணிக்கு இணையாகவே இருக்கிறது. அப்படியானால் பட்டாணியிடம் தேவைக்கு மேல் இலை இருக்கிறது என்றுதானே பொருள்? சாம்பல் நோய் அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. அடர்ந்த பயிரில் கீழ் இலைகள் நிழலில் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றை இழப்பதால் பெரிய நட்டமில்லை. ஆனால் இரண்டு இழப்பும் ஒன்றல்ல. அரை இலைப் பட்டாணியில் செதில்கள் முழுதாக இருக்கின்றன, பற்றுக்கம்பிகளும் பச்சைதான். சிற்றிலை போன இடைவெளியில் வெயில் கீழே வரை இறங்கி, மிச்சமிருக்கும் பச்சைக்கு அதிக வேலை கொடுக்கிறது. சாம்பல் பூத்த இலையோ வெயிலுக்கு வழிவிடாமல் அங்கேயே நிற்கிறது. தானும் முழுதாக உழைக்காமல், மற்ற இலையிடமிருந்தும் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. இல்லாத இலை செடிக்குச் செலவு வைப்பதில்லை, நோயுற்ற இலை வைக்கிறது. அதோடு, மேலே பார்த்தபடி, ஒரு நெற்றின் உணவு அதன் கணுவில்தான் இருக்கிறது. ஐந்தாம் கணுவில் இலை மிச்சமிருப்பதால் பதினைந்தாம் கணுவின் நெற்றுக்குப் பெரிதாக ஆவது ஒன்றுமில்லை.

இன்னொரு மறுப்பு ஆய்வு முறையைப் பற்றியது. எனக்கு இதுதான் கூடுதல் சுவையானதாகப் படுகிறது. நோயால் எவ்வளவு இழப்பு என்று அளக்க, பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் ஒன்றுக்கு மருந்தடித்து, மற்றதை விட்டுவிட்டு, இரண்டின் விளைச்சலையும் ஒப்பிடுவது வழக்கம். சாம்பல் நோய்க்குக் காலங்காலமாக அடிக்கும் மருந்து கந்தகம். 1821-இலேயே ஜான் ராபர்ட்சன் என்பவர் பீச் மரத்துச் சாம்பல் நோய்க்குக் கந்தகத்தைப் பரிந்துரைத்திருக்கிறார். ஆனால் கந்தகம் பயறு வகைகளுக்கு உரமும்கூட. மணியின் புரதத்துக்கு அது தேவை. அப்படியென்றால் மருந்தடித்த பாத்தி அதிகம் விளைந்தது நோய் நீங்கியதாலா, உரம் கிடைத்ததாலா? கேள்வி சரியானது. இதற்கு விடை காண இரண்டு வழி உண்டு. கந்தகம் இல்லாத பூஞ்சைக்கொல்லியை அடித்துப் பார்ப்பது ஒன்று. மருந்தே அடிக்காமல், நோய் எதிர்ப்பு மரபணு ஒன்றில் மட்டும் வேறுபடும் இரட்டை ரகங்களை அருகருகே வளர்ப்பது மற்றொன்று. கந்தகம் இல்லாத மருந்துக்கும் விளைச்சல் கூடுகிறது என்பதால் நோயின் மேல் உள்ள குற்றச்சாட்டு நிற்கிறது. ஆனால் கந்தகம் குறைந்த மண்ணில் நடந்த பழைய சோதனைகளின் எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

எடை மட்டுமா விளைச்சல்?

ஒரு வயலின் விளைச்சலைப் பிரித்துப் பார்த்தால் நான்கு எண்களின் பெருக்கல்: எத்தனை செடி, செடிக்கு எத்தனை நெற்று, நெற்றுக்கு எத்தனை மணி, மணியின் எடை என்ன. இவை இந்த வரிசையில்தான் முடிவாகின்றன. நோய் எப்போது வந்தது என்பதை வைத்து எந்த எண் அடிபடும் என்று சொல்லிவிடலாம். விதைத்த சில வாரங்களில் வேரழுகல் வந்தால் செடிகளின் எண்ணிக்கையே குறையும். பூக்கும் தருணத்தில் சாம்பல் நோய் வந்தால், சர்க்கரை போதாத செடி பூவையும் பிஞ்சையும் உதிர்க்கும். நெற்றுக்குள் சில மணிகள் வளராமலே சூம்பிவிடும். மணி திரளும் பருவத்தில் வந்தால் எண்ணிக்கை அப்படியே இருக்க, எடை குறையும். அதற்கும் பிந்தி வந்தால் காய்ந்த பட்டாணிக்குப் பெரிய பாதிப்பில்லை.

பச்சைப் பட்டாணிக்கு அந்தச் சலுகையும் இல்லை. நெற்றின்மேல் பூஞ்சை படர்ந்த இடத்தில் தோல் ஊதா கலந்த பழுப்பாகிறது. உள்ளே மணியின் நிறம் மங்கி, சுவை கெடுகிறது. பட்டாணியை உறைய வைத்து விற்கும் ஆலைகள், மணி எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதை டெண்டரோமீட்டர் என்ற கருவியால் அளந்துதான் விலை வைக்கின்றன. சாம்பல் நோய் பிடித்த பயிர் அவசரமாக முற்றுகிறது. இனிப்பு மாவாகி, கருவியின் எண் சட்டென்று ஏறிவிடுகிறது. எடை குறையாமலேயே விலை குறையும். கிலோ கணக்கை மட்டும் பார்க்கும் ஆய்வில் இந்த இழப்பு எங்கும் பதிவாவதில்லை.

விதைக்கும் நாள்

எப்போது என்பதுதான் முக்கியம் என்றால், மிக மலிவான மருந்து நாள்காட்டிதான். வட இந்தியாவில் பட்டாணியை உரிய காலத்தில் விதைத்தால், வெயில் ஏறி சாம்பல் நோய் வேகமெடுக்கும் முன் மணி திரண்டுவிடும். நெல் அறுவடை தாமதமாகி டிசம்பரில் விதைத்தால், பூக்கும் பருவமும் நோயின் பருவமும் ஒன்றாக வந்து விழும். நம் கணக்கின் முதல் வயல் அதுதான். எனவே முந்தி விதை என்பது இங்கே சரியான அறிவுரை. ஆனால் இதையே பட்டாணியின் எல்லா நோய்க்கும் பொது விதியாக்கிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் பட்டாணிக்குப் பெரிய எதிரி கரும்புள்ளி நோய். இதன் பூஞ்சைகள் முந்தைய ஆண்டின் பட்டாணித் தாளில் தங்கியிருந்து, பருவத்தின் முதல் மழைகளில் வித்துகளை அள்ளி வீசுகின்றன. அங்கே முந்தி விதைத்தவர் அந்த வித்து மழைக்கு நடுவில் நாற்றை நிறுத்துகிறார். ஆகவே முதல் மழைக்குப் பிறகு சில வாரம் பொறுத்து, வித்துகள் தீர்ந்த பிறகு விதையுங்கள் என்று அங்குள்ள வேளாண் துறையினர் சொல்கிறார்கள். கரும்புள்ளிப் பூஞ்சை செல்லைக் கொன்று தின்பது. தண்டைச் சுற்றி வளைத்துக் கருக்கி, கொடியைச் சாய்த்துவிடும். எதிரெதிரான இரண்டு அறிவுரைக்கும் அடிப்படை ஒன்றே: நோயின் காலமும் பயிர் எளிதில் அடிபடும் பருவமும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது.

கந்தகத்துக்கும் இந்த நாள்காட்டிதான் எல்லை வகுக்கிறது. சாம்பல் நோய்ப் பூஞ்சையின் உடம்பு இலைக்கு வெளியே இருப்பதால், மேலே படியும் கந்தகமே அதைத் தொட்டுவிடும். இலைக்குள் வளரும் துரு நோய்க்கோ வேரழுகலுக்கோ இந்த வசதி இல்லை. நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கலந்து, முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்த உடனே அடிக்க வேண்டும். கடும் வெயிலில் அடித்தால் கந்தகமே இலையைக் கருக்கும்.

பெருவில் கிடைத்த விடை

மருந்தும் நாள்காட்டியும் நோயைத் தள்ளிப்போடும் வழிகள். நோயே பிடிக்காத பட்டாணியும் இருக்கிறது. 1948-இல் சிட்னி ஹார்லண்ட் என்ற பிரிட்டிஷ் மரபியலாளர், பெரு நாட்டின் உள்ளூர்ப் பட்டாணி வகைகளில் சாம்பல் நோய் அண்டாதவை இருப்பதைக் கண்டு அறிவித்தார். அவற்றை நோய் பிடிக்கும் பட்டாணியோடு இனக்கலப்பு செய்தால், முதல் தலைமுறை முழுவதற்கும் நோய் பிடித்தது. அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்று தப்பியது. மெண்டல் எந்தச் செடியில் எந்த விகிதத்தைக் கண்டாரோ, அதே செடி, அதே விகிதம். ஒரே ஒரு ஒடுங்கு மரபணுதான் காரணம் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அந்த மரபணுவுக்கு இ.ஆர்.1 என்று பெயர்.

ஒடுங்கு மரபணு என்பதில் ஒரு விந்தை இருக்கிறது. எதிர்ப்பு என்றால் செடியிடம் ஏதோ ஓர் ஆயுதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்றுதான் நினைப்போம். கூடுதலாக ஒன்று இருந்தால், பெற்றோரில் ஒருவரிடமிருந்து கிடைத்தாலே பெரும்பாலும் போதுமே. ஏன் இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டும்? விடை 2011-இல் கிடைத்தது. எதிர்ப்புள்ள பட்டாணியில் எம்.எல்.ஓ. என்ற வகைப் புரதத்தைச் செய்யும் மரபணு ஒன்று பழுதாகியிருக்கிறது. செடியின் அந்தப் புரதம் இருந்தால்தான் பூஞ்சையால் செல் சுவரைத் தாண்டி உறிஞ்சுறுப்பை இறக்க முடிகிறது. அது இல்லாவிட்டால் ஊசிமுனை சுவரிலேயே நின்றுவிடுகிறது. நோய் பிடிக்காத பட்டாணியிடம் கூடுதலாக எதுவும் இல்லை, குறைவாகத்தான் இருக்கிறது. பழுதான மரபணு பட்டாணிக்கு நன்மை செய்வது புதிதுமல்ல. மெண்டல் ஆராய்ந்த சுருங்கிய மணிக்கும், நாம் விரும்பும் அதன் இனிப்புக்கும்கூட மாவாக்கும் மரபணு ஒன்று பழுதானதே காரணம்.

இவ்வளவு எளிதாக ஒரு நோயை மறுக்க முடியுமானால், பூஞ்சை இதற்குள் மாற்றுவழி கண்டிருக்காதா என்று கேட்கலாம். பார்லியில் இதே வகை மரபணுப் பழுது 1979 முதல் ஐரோப்பிய வயல்களில் பயன்பாட்டில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பார்லிச் சாம்பல் நோய் அதை வென்றதில்லை. பட்டாணியில் நிலைமை அவ்வளவு உறுதியில்லை. அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில் எரிசைஃபி டிரைஃபோலி என்ற உறவுப் பூஞ்சை, இ.ஆர்.1 உள்ள பட்டாணியையும் பிடித்திருக்கிறது. எம்.எல்.ஓ. புரதம் பூஞ்சைக்குக் கதவு திறக்கவே செடியில் இருந்தது என்றும் சொல்ல முடியாது. பார்லி, கோதுமை போன்ற பயிர்களில் வேருக்கு நன்மை செய்யும் பூஞ்சைகளின் குடியேற்றத்துக்கும் அது உதவுகிறது என்று அண்மை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருந்தும், இந்தக் குறைகளையெல்லாம் தராசில் வைத்தாலும், பூக்கும் வாரத்தில் நோயை வாசலிலேயே நிறுத்தும் ஒரு மரபணுவுக்கு ஈடான மருந்து இன்று இல்லை. கான்பூரில் உருவான ரச்னா, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா அஜித் போன்ற எதிர்ப்பு ரகங்கள் இந்தியாவில் கிடைக்கின்றன. அர்க்கா அஜித் துரு நோயையும் தாங்கும். பட்டாணி விதைக்கப் போகிறவர்கள் கடையில் விலையைக் கேட்கும் முன், சாம்பல் நோய் தாங்கும் ரகமா என்று கேளுங்கள். இல்லை என்றால், முதல் பூ தெரிந்த வாரத்தில் குனிந்து கீழ் இலைகளைப் பாருங்கள். மேல் இலை வெளுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.